பெரியது அம்மாவுக்கு

1

நான் வேலை செய்யும் கம்பெனிக்கு இந்த மாதம் ஐந்து வயது. அதைக் கொண்டாட இணையத்தில் ஒரு பக்கம் தயாராகிறது. ஊழியர்கள் எல்லோரும் 'என் மறக்க முடியாத தருணம்' என்று நூறு வார்த்தைக்குள் எழுதித் தரவேண்டும், சிரித்த முகத்தோடு ஒரு படமும் சேர்த்து. நினைவூட்டல் மேல் நினைவூட்டல் வந்தபிறகு நானும் ஒன்று எழுதிக் கொடுத்தேன். முதல் குளிர்காலத்தில் ஹீட்டர் பழுதாகி எல்லோரும் கையுறையோடு உட்கார்ந்து வேலை பார்த்த கதை. படித்துவிட்டுச் சிரித்ததாக இரண்டு பேர் சொன்னார்கள்.

என் மறக்க முடியாத தருணம் அது இல்லை. உண்மையானதை அங்கே எழுதினால் வேலை போகும், வேலை போனால் விசா போகும். அதனால் அதை ஊரில் இருக்கும் உங்களுக்குத் தமிழில் எழுதுகிறேன். இங்கே யாருக்கும் படிக்கத் தெரியாது. என் மகனுக்கும்தான்.

நான் இருப்பது இங்கிலாந்தில், லீட்ஸில். பிறந்தது உத்திரமேரூர் ஏரிக்கு அந்தப் பக்கம், காலனியில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு அடுத்தவர் களத்தில் தூற்றினார்கள். நான் கம்ப்யூட்டர் படித்தேன். இப்போது இல்லாத இடங்களைக் கட்டுகிறேன். கண்ணுக்கு ஒரு கருவியை மாட்டிக்கொண்டால் தெரியும் இடங்கள்: ஒரு பஸ் நிறுத்தம், ஒரு சமையலறை, ஒரு பழக்கடை. பேச்சு சரியாக வராத குழந்தைகள் அந்த இடங்களுக்குள் போய், அங்கிருக்கும் பொம்மை மனிதர்களோடு ஆங்கிலம் பேசிப் பழகவேண்டும். கம்பெனி தொடங்கியதே அதற்காகத்தான். சேர்ந்த புதிதில் அதை யாரிடமாவது சொல்லும்போது எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

2

என் தங்கை எஸ்தருக்கு ஒரே பெண், கிருபா. நான் சொல்லும் காலத்தில் அவளுக்கு எட்டு வயது. காது நன்றாகக் கேட்கும். புத்தியிலும் குறையில்லை, ஒருமுறை பார்த்த வழியை மறக்கமாட்டாள், ஆட்டுக்குட்டி எந்த ஆட்டுடையது என்று முகம் பார்த்துச் சொல்லுவாள், அதாவது கையை நீட்டிக் காட்டுவாள். வார்த்தைதான் வராது. வந்தாலும் ஒன்று, இரண்டு. நாம் நீளமாக ஒன்று சொன்னால் பாதி அவளிடம் போய்ச் சேராது. மொழி வளர்ச்சிக் குறைபாடு என்று அதற்குப் பெயர். காலனியில் அதற்கு வேறு பெயர்கள் இருந்தன. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு இருந்தது.

கம்பெனிக்கு ஒரு நிதியுதவி கிடைத்தது. வீட்டில் ஆங்கிலம் பேசாத, இந்தக் குறைபாடுள்ள குழந்தைகளை வைத்துப் பன்னிரண்டு வாரம் சோதித்துப் பார்க்கவேண்டும். எங்கே செய்யலாம் என்று கூட்டத்தில் கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். எங்கள் ஊரில் செய்யலாம் என்றேன். கிருபாவைப் பற்றியும் சொன்னேன். 'வொண்டர்ஃபுல்' என்றார் மேலாளர். அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்லுவார். ஆனால் அன்று எனக்கு அது என் தங்கை மகளுக்கே சொன்னதுபோல இருந்தது.

நான் முதலில் எஸ்தரை அழைத்தேன்.

"இங்கிலீஷா?" என்றாள். "அவளுக்குத் தமிழே வரலண்ணா. 'சோறு'ன்னு கேக்கறதுக்கே கைய காட்டிக்கினு கீறா. இங்கிலீஷ் எதுக்கு?"

கேட்கவேண்டிய கேள்வி அதுதான். நாலு வருடப் படிப்பும் பத்து வருட வேலையும் உள்ள எங்களில் யாரும் கேட்காத கேள்வி. நான் சொன்ன பதிலை இப்போது எழுதக் கூசுகிறது. "இங்கிலீஷ் வந்தா எல்லாம் தானா வரும்மா" என்றேன்.

"நீ படிச்சவன், உனக்குத் தெரியும்" என்றாள்.

ஒப்புதல் படிவம் பதினொரு பக்கம் வந்தது. அதைத் தமிழாக்கிக் கொடுத்ததும் நான்தான். 'அடையாளம் நீக்கப்பட்ட குரல் பதிவுகள்', 'பயன்பாட்டு உரிமை', 'திரும்பப் பெற இயலாதவை' என்றெல்லாம் நிமிர்ந்த தமிழில் எழுதினேன். வீடியோ அழைப்பில் எஸ்தர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல இன்னா எழுதிக்கீது?"

"ஒண்ணுமில்ல, சும்மா ஆபீஸ் வழக்கம். கையெழுத்துப் போடு."

போட்டாள். எட்டாவது வரை படித்தவள். அழகாக, முழுப் பெயரும் எழுதி.

3

கோயிலை ஒட்டி ஞாயிறு பள்ளி நடக்கும் அறையைப் பாதிரியார் கொடுத்தார். ஆறு குழந்தைகள். வாரம் மூன்று நாள் நடத்துவதற்குக் காஞ்சிபுரத்திலிருந்து ஷாஹின் என்ற பெண் வந்தாள். பேச்சுப் பயிற்சி படித்து முடித்தவள். அப்பாவுக்கு அங்கே பாத்திரக் கடை. முதல் வாரமே என்னோடு பேசினாள்.

"சார், இந்தப் பசங்களுக்கு முதல்ல தமிழ்ல செஞ்சா நல்லா இருக்கும். பழக்கடைல வர்ற பொம்மைக் கடைக்காரம்மாவைத் தமிழ்ல பேச வைக்க முடியுமா? நான் வார்த்தை எல்லாம் எழுதித் தரேன். வீட்டு மொழி நின்னாதான் அதுமேல இன்னொண்ணு நிக்கும்."

சோதனைக்கான நெறிமுறையில் அதற்கு இடமில்லை என்றேன். நிதி கொடுத்தவர்கள் ஒப்புக்கொண்ட திட்டம் ஆங்கிலம் மட்டும்தான். ஒரு வார்த்தை மாறினால் முடிவுகளை ஒப்பிட முடியாது. ஷாஹின் அதற்குமேல் கேட்கவில்லை. அவள் சொன்னதுதான் சரி என்று எனக்கு அப்போதே தெரியும். கூட்டத்தில் எழுப்பியிருக்கலாம். என் விசா புதுப்பிக்கும் மாதம் அது. எழுப்பவில்லை.

நான் போராடியது இரண்டு விஷயத்துக்குத்தான். ஒன்று, பழம். கடையில் இருந்த புளூபெர்ரியையும் பீச்சையும் எடுத்துவிட்டுக் கொய்யாவும் வாழைப்பழமும் வைக்க மூன்று வாரம் மின்னஞ்சல் போயிற்று. 'கொய்யா சோதிக்கப்பட்ட சொல்லா?' என்று கேட்டு ஒரு பதில் வந்தது. இன்னொன்று, காத்திருக்கும் நேரம். கடைக்காரப் பெண் கேள்வி கேட்டுவிட்டு நாலு வினாடிதான் காத்திருப்பாள். நான் அதைப் பன்னிரண்டாக்கக் கேட்டேன். அவ்வளவு நேரம் எந்தக் குழந்தை உட்காரும் என்றார்கள். கிருபா உட்காருவாள் என்று எனக்குத் தெரியும். அவள் பிரச்சினையே மற்றவர்கள் உட்காராததுதான். அந்தப் பன்னிரண்டு வினாடியை வாங்கிக் கொடுத்ததைத் தவிர இந்தக் கதையில் நான் செய்த நல்லது எதுவும் இல்லை.

கருவியை ஊரில் 'கண்ணாடி' என்றார்கள். குழந்தைகளின் தலைக்குப் பெரிது. பின்னால் துண்டை மடித்து வைத்துக் கட்டவேண்டும். வெயில் ஏறினால் சூடாகி நின்றுவிடும். ஆனால் ஒரு அதிசயம் அதில் இருந்தது. மாட்டிக்கொண்டாலும் உண்மையான அறை மறையாது. அதே சுவர், அதே ஜன்னல், அதே மர மேஜை. அந்த மேஜையின்மேல் மட்டும் இல்லாத ஒரு பழக்கடை, அதற்குப் பின்னால் இல்லாத ஒரு பெண். அவள் 'சீக்கிரம் சொல்லு' என்று முகம் சுளிக்கமாட்டாள். வார்த்தையைப் பிடுங்கித் தானே முடிக்கமாட்டாள். கிருபாவுக்கு அவளைப் பிடித்துப்போனது. மூன்றாவது வாரம் 'எஸ்' என்றாள். ஐந்தாவது வாரம் 'டூ பனானா' என்றாள். எஸ்தர் போனில் என்னிடம் அதை அப்படியே சொல்லிக் காட்டுவாள். களை எடுக்கப் போன இடத்திலும் சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

4

ஒன்பதாவது வாரம் நான் ஊருக்குப் போனேன், வேலையாகத்தான். காலைப் பத்து மணி இருக்கும். அறையில் ஷாஹின், நான், கிருபா. எஸ்தர் அன்று வேலைக்குப் போகாமல் வந்திருந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம், சுவரோரமாக நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்குள் கிருபாவுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்றால், கடைக்காரிக்குப் பின்னால் அம்மா. கிருபா பார்ப்பதை ஷாஹினின் டேப்லெட்டில் நாங்களும் பார்த்தோம்.

கடைக்காரி இரண்டு கொய்யாவை எடுத்து வைத்தாள், ஒன்று சின்னது, ஒன்று பெரியது. "விச் ஒன் டூ யூ வான்ட்?"

கிருபா பார்த்தாள். பன்னிரண்டு வினாடி போயிற்று. கடைக்காரி மறுபடி கேட்டாள். மறுபடி பன்னிரண்டு. எஸ்தர் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டாள். ஷாஹின் கையைக் காட்டி அவளை அமர்த்தினாள். மூன்றாம் தடவையும் கேள்வி வந்தது. வெளியே யாரோ டிராக்டரைக் கிளப்பினார்கள், அதுவும் போய் அடங்கியது. கிருபாவின் விரல்கள் பாவாடையைச் சுருட்டிக்கொண்டே இருந்தன.

"ஐ வான்ட்... ஸ்மால் ஒன்."

அவள் இன்னும் முடிக்கவில்லை என்று தெரிந்தது.

"பிக் ஒன்..." அவள் கை மேஜையைத் தாண்டி நீண்டது, கடைக்காரியைத் தாண்டி, எஸ்தரின் பக்கமாக. "பிக் ஒன்... அம்மாக்கு."

எட்டு வருடத்தில் அவள் சொன்ன முதல் முழு வாக்கியம். யாரும் சொல்லிக் கொடுக்காதது. கடைக்காரி பாடத்தில் அது இல்லை. இரண்டில் ஒன்றை வாங்க மட்டும்தான் நாங்கள் கட்டியிருந்தோம். இரண்டையும் எடுத்து, பங்கு பிரித்து, ஒன்றை அம்மாவுக்கு வைக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எஸ்தர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது கடைக்காரி சிரித்த முகம் மாறாமல் சொன்னாள்: "ஊப்ஸ்! லெட்ஸ் ட்ரை தட் அகெய்ன்."

'அம்மாக்கு' என்பது கருவிக்குப் புரியவில்லை. திரையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி விழுந்தது.

"இன்னா சொல்லுது அது?" என்று எஸ்தர் கேட்டாள்.

"நல்லா சொன்னன்னு சொல்லுதும்மா" என்றாள் ஷாஹின், என்னைப் பார்க்காமல்.

5

பன்னிரண்டாவது வாரம் முடிந்ததும் கருவிகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் கட்டம் சீக்கிரம் வரும் என்று பெற்றோர்களுக்கு நான் கடிதம் எழுதினேன். மேலிடம் கொடுத்த வாசகம், என் கையெழுத்து.

இரண்டு வாரம் கழித்து எஸ்தர் அழைத்தாள். இங்கே நான் மதியச் சாப்பாட்டை மைக்ரோவேவில் சூடாக்கிக்கொண்டிருந்தேன்.

"ண்ணா, ஸ்கூல் விட்டதும் நேரா அந்த ரூமுக்குப் போயிடறா. மேஜ கிட்ட நின்னுக்கினு கீறா. ஒண்ணும் பேசல. அழல. சும்மா பாத்துக்கினு கீறா. நான் போயி இட்டாரேன். அவளுக்கு இன்னா சொல்லட்டும்?"

"கொஞ்ச நாள்ல மறுபடி வரும்னு சொல்லு."

"எப்போ?"

நான் இரண்டாம் கட்டம் என்றேன். அவள் அந்த வார்த்தையை நம்பினாள். நானும் கொஞ்சம் நம்பினேன். அடுத்த மாதக் கூட்டத்தில் மேலாளர் புதிய திசையை அறிவித்தார். பேச்சுக் குறைபாடுள்ள குழந்தைகளின் சந்தை சிறியதாம். வேலை நேர்காணலுக்குத் தயாராகும் பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகிறோமாம். பழக்கடையை அலுவலக வரவேற்பறையாக மாற்றும் வேலை எனக்குத் தரப்பட்டது. கடைக்காரப் பெண்ணுக்குக் கோட்டு போட்டுவிட்டேன். காத்திருக்கும் நேரத்தை நாலு வினாடியாகக் குறைத்ததும் நானேதான்.

எஸ்தரிடம் சொன்னபோது அவள் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னிக்கு அவ பேசுனாளே, அது உங்ககிட்ட ரெக்கார்டு கீதா? அவங்கப்பா கேக்கல. வாலாஜாபாத் மில்லுல மூட்டை தூக்கிக்கினு இருந்தாரு. நான் சொல்லிக் காட்றேன், ஆனா நான் சொன்னா என் கொரல்தான வருது? அது மட்டும் அனுப்புண்ணா. வேற ஒண்ணும் வாணாம்."

இதைவிடச் சின்னதாக ஒரு மனிதர் எதைக் கேட்கமுடியும்? தகவல் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதினேன். படிவம் வந்தது. நிரப்பினேன். பெற்றோரின் அடையாளச் சான்று கேட்டார்கள். எஸ்தர் ஆதார் அட்டையைப் படமெடுத்து அனுப்பினாள். அதில் அவள் பெயரின் எழுத்து ஒப்புதல் படிவத்தில் இருப்பதோடு பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. திருத்தி அனுப்பினோம். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. கனிவான ஆங்கிலம். குழந்தைகளின் பாதுகாப்புக்காகப் பெயருக்கும் பதிவு எண்ணுக்கும் இருந்த தொடர்பை அழித்துவிட்டார்களாம். எனவே எந்தக் குரல் எந்தக் குழந்தையுடையது என்று இனி யாராலும் சொல்லமுடியாதாம். ஒப்புதல் படிவத்தின் இன்ன பிரிவைப் பார்க்கவும்.

பார்த்தேன். நான் மொழிபெயர்த்த பிரிவு. தமிழில் நன்றாகவே வந்திருந்தது.

6

யாராலும் சொல்லமுடியாது என்றார்களே, நான் சொல்லுவேன். அடுத்த ஆண்டு வசந்தத்தில், புதிய தயாரிப்பை வாடிக்கையாளர்களுக்குக் காட்டும் நாளில், விளக்குகளை மங்கவைத்து ஒரு விளம்பரப் படம் போட்டார்கள். 'எங்கள் பயணம் இங்கே தொடங்கியது' என்று எழுத்து வந்தது. மேஜைமேல் பழக்கடை வந்தது. பிறகு ஒரு குழந்தைக் குரல், பளிச்சென்று, தயக்கமில்லாமல்:

"ஐ வான்ட் பிக் ஒன்!"

அரங்கம் கைதட்டியது. பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தட்டினார், அது என் திட்டம் என்று அவருக்குத் தெரியும். நானும் கைதட்டினேன். தட்டாமல் இருந்திருக்கலாம். கைகள் தட்டிவிட்டன.

மறுநாள் அந்த ஒலித் துண்டு பொதுக் கோப்புறையில் கிடந்தது. விதிப்படி நான் அதைத் தொடக்கூடாது. எடுத்து எஸ்தருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். விதியை மீறியதில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. இதையாவது செய்தேனே என்று.

அன்று மாலை அவளுடைய குரல் செய்தி வந்தது. நான் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், போனை ஸ்பீக்கரில் போட்டேன். பன்னிரண்டு வயது மகன் ஜோயல் மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான்.

"ண்ணா, கேட்டேன். கொரல் அவளுதுதான். ஆனா அவ இப்டி சொல்லல. அவ பெருசு கேக்கல. சின்னது எனக்கு, பெருசு அம்மாக்குன்னுதான் சொன்னா. நீயும் இருந்தியே, கேட்டியே. எவ்ளோ நேரம் தெணறித் தெணறி சொன்னா... அதெல்லாம் எங்க? அவங்கப்பா கேட்டுட்டு, 'இவளா இப்டி தனக்குப் பெருசு கேட்டா'ன்னு சிரிக்கிறாரு. நான் இன்னா சொல்லுவேன்? என் பொண்ணு அப்டி கேக்கறவ இல்லண்ணா. இத அழிச்சிட்டேன். நீயும் அழிச்சிடு."

ஜோயல் நிமிர்ந்து பார்த்தான். "வாட் டிட் அத்தை ஸே?" என்று கேட்டான். அவளுடைய பேச்சு அவனுக்கு ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. அவனுக்குக் குறைபாடு எதுவும் இல்லை. வேலை, பஸ், மழை என்று நாங்கள்தான் அவனிடம் தமிழ் பேசாமல் விட்டோம்.

"நன்றி சொல்றாங்க" என்றேன், ஆங்கிலத்தில்.

"ஓ, நைஸ்" என்றுவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினான்.

அதன்பிறகு எஸ்தர் தானாக என்னை அழைக்கவில்லை. நான் அழைத்தால் எடுப்பாள். மழை பெய்ததா, நாத்து நட்டாச்சா என்று நான் கேட்பேன். ஆச்சு என்பாள். கிருபாவிடம் கொடு என்றால், "வெளாடறா" என்பாள். நான் வேலையை விடவில்லை. விட்டால் அறுபது நாளில் வேறு இடம் பார்க்கவேண்டும், அல்லது கிளம்பவேண்டும். இதைக் காரணமாகச் சொல்லுகிறேன், நியாயமாகச் சொல்லவில்லை.

7

போன டிசம்பரில் ஊருக்குப் போனேன். செங்கல்பட்டில் பஸ் ஏறும்போதே ஷாஹினுக்குப் போன் செய்தேன். காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன அறை எடுத்துப் பேச்சுப் பயிற்சி நடத்துகிறாள் இப்போது. எஸ்தர் சனிக்கிழமைதோறும் கிருபாவை பஸ்ஸில் அங்கே கூட்டிப்போகிறாளாம். கண்ணாடி இல்லை, மேஜை இல்லை. பாயில் எதிரெதிரே உட்கார்ந்து தமிழில். "மூணு, நாலு வார்த்தை சேத்துச் சொல்றா சார். வர்றது, போறது மாதிரி சில வார்த்தை இன்னும் மாறிப்போவும். அவசரமில்ல" என்றாள்.

எஸ்தர் வாசலில் நெல் புழுக்கிக்கொண்டிருந்தாள். "வாண்ணா" என்றாள். டீ போட்டுக் கொடுத்தாள்.

"எஸ்தர், அந்த விஷயத்துல நான்..."

"உடுண்ணா. டீ ஆறுது."

அவளிடம் கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். விருந்தாளியிடம் பேசுவதுபோல இதமாகப் பேசினாள். ஜோயல் வளந்துட்டானா, அங்க குளிரு எப்டி கீது, என்றெல்லாம் கேட்டாள்.

கிருபா பின்பக்கமிருந்து வந்தாள். வளர்ந்திருந்தாள், ஒரு பல் புதிதாக முளைத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தாள். என் பெட்டியைப் பார்த்தாள். அவள் ஏதோ சொல்லப்போகிறாள் என்று தெரிந்து டீயைக் கீழே வைத்தேன். எஸ்தர் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நின்றாள். எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை.

"மாமா... நீ எப்போ போவ?"

எப்போது வந்தாய் என்றுதான் கேட்க நினைத்தாளோ, வார்த்தை மாறிப்போனதோ? அல்லது கேட்டதைத்தான் கேட்டாளோ? திருத்திச் சொல்லுவாள் என்று எஸ்தரின் முகத்தைப் பார்த்தேன்.

"என்ன ஏன் பாக்குற?" என்றாள் எஸ்தர். "உன்னத்தான் கேட்டுக்கினு நிக்கிறா. பதில் சொல்லு."

"ஞாயித்துக்கெழம" என்றேன்.

கிருபா தலையாட்டினாள். பிறகு ஆட்டுக்குட்டியைத் தேடிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.